ஐஸ்பெட்டியில் வைத்த குரல்

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போய் மூன்று வருஷம் ஆகிறது. கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி இருந்திருந்தால் அம்மனுக்குத் தேங்காய் உடைத்திருப்பேன். தொண்டையில் கட்டி வந்து, உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை போட்டிருக்கிறார்கள். மூச்சு அதன் வழியாகத்தான் போய் வருகிறது. பேசுவதற்கென்று ஒரு மெஷின் கொடுத்தார்கள். அதைக் கழுத்தில் வைத்து அவர் ஒரு வார்த்தை சொன்னதும் கைக்குழந்தையாக இருந்த எங்கள் சிநேகா வீறிட்டு அழுதாள். அன்றே அதைப் பரணில் போட்டுவிட்டார்.

அவர் பெயர் வசந்த். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள குப்பம் எங்களுடையது. காலையில் கடலுக்குப் போவார். திருவிழா, கல்யாணம் என்றால் சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு ஆர்கெஸ்ட்ராவில் பாடப் போய்விடுவார். கல்பாக்கத்திலிருந்து முட்டுக்காடு வரைக்கும் அவர் பாடாத மேடை இல்லை. மீன்காரன் குரலா இது என்று கேட்டவர்களிடம், மீன்காரன் குரல் என்றால் நாறுமா என்று நானே சண்டைக்குப் போயிருக்கிறேன்.

எங்கே பாடினாலும் மைக் செட் மணி அதை மிக்ஸரிலிருந்து நேராகப் பதிவு செய்து பென் டிரைவில் கொடுப்பார். அதைக் கொண்டுவந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்த ஊர், எந்தத் திருவிழா என்று பேர் போட்டு வைப்பார் என் ஆள். அமாவாசை அன்று படகுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வந்து, எல்லாவற்றையும் கறுப்பு டிஸ்க் ஒன்றில் இன்னொரு காப்பி எடுப்பார். கட்டின பெண்டாட்டியின் பிறந்த நாள் மறந்துபோகும், அமாவாசைக் காப்பி மறக்காது. நான் திட்டுவேன். எவன் கேட்கப்போகிறான் இத்தனையையும் என்பேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு கேட்டது நாங்கள்தான். அந்தக் கம்ப்யூட்டர்தான் அவருக்கு வாய் ஆகிவிட்டது. சின்ன விஷயங்களைப் போனில் தட்டிக் காட்டுவார். மனசில் உள்ளதைச் சொல்ல அவர் பாடிய பாட்டில் ஒரு வரியைத் தேடிப் போடுவார். குழம்பில் உப்பு அதிகமானால் சோகப் பாட்டு ஒன்று ஒலிக்கும். எனக்கும் பக்கத்து வீட்டு ரேணுகாவுக்கும் குழாயடியில் வாய்த் தகராறு முற்றினால், பம்பை சத்தத்தோடு அம்மன் பாட்டைத் தெருவே அதிர வைப்பார். சண்டை போட்டவர்கள் சிரித்துவிடுவோம். என் மேல் கோபம் என்றால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கொல்வார். நான் பதிலுக்குக் கத்துவேன். எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை அப்படித்தான் நடந்தது. சொல்லப்போனால் ஊமை வீடாக எங்கள் வீடு ஒரு நாளும் இருந்ததில்லை.

சிநேகாவுக்கு அப்பா குரல் என்றால் அந்த ஸ்பீக்கர்தான். பாட்டுக்கு நடுவே அவர் மைக்கில் ஜனங்களோடு பேசியதும் பதிவாகியிருக்கும். தண்ணீர் கேட்பார், மோளக்காரனைக் கிண்டல் செய்வார். அதைக் கேட்டுத்தான் அந்தக் குழந்தை அப்பா சிரிப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டது.

போன கார்த்திகையில் புயல் வருகிறது என்றார்கள். கரையோரம் இருக்கிறவர்கள் எல்லாரையும் காலி பண்ணச் சொல்லி மைக் வைத்துக்கொண்டு போனார்கள். புயல் என்றால் எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரேஷன் கார்டு, பட்டா, நகை, எது போனால் திரும்ப வராதோ அதையெல்லாம் ஐஸ்பெட்டியில் வைத்து டேப் ஒட்டிவிடுவோம். தெர்மாகோல் பெட்டிதான், ஆனால் தண்ணீர் புகாது, வெள்ளத்தில் மிதக்கும். எங்கள் பெட்டியில் அந்த முறை கார்டும் பட்டாவும் போகவில்லை. அவற்றை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் டிஸ்கைப் பனியனில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு, பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல் வைத்தார். கம்ப்யூட்டரைத் தார்ப்பாயில் கட்டிப் பரணில் ஏற்றினோம். இரண்டு இடத்தில் இரண்டு காப்பி. அதற்கு மேல் மனுஷன் என்ன செய்ய முடியும்?

இன்டர்நெட்டில் போட்டு வைத்திருக்கலாமே என்று இப்போது ஆளாளுக்குக் கேட்கிறார்கள். போட்டோம். சினிமாப் பாட்டு, எங்களுக்கு உரிமை இல்லை என்று சொல்லி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். அவர் தொண்டையின் மேல் எங்களுக்கு இருந்த உரிமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துத் திருக்கழுக்குன்றத்துக்குப் போனோம். அவருடைய அக்கா ஜெகதாம்பாள் அண்ணி அங்கேதான் வாக்கப்பட்டிருக்கிறார். மார்க்கெட்டில் மீன் விற்கிறார். தம்பி என்றால் உயிர். போன கொஞ்ச நேரத்திலேயே என் வீட்டுக்காரருக்கு ஜுரம் வந்து, கழுத்து ஓட்டையில் சளி அடைத்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பட்ட காலிலே படும் என்பது பொய்யா? ஆம்புலன்ஸ் வந்தது. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில், குழந்தையை அண்ணி இடுப்பில் ஏற்றிவிட்டு, பெட்டியையும் காட்டி, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணி, உங்கள் தம்பியுடையது என்று மட்டும் சொன்னேன்.

புயல் கரையேறி, மரம் விழுந்து, நாலைந்து நாள் கரண்ட் இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் பிழைத்துவிட்டார். திரும்பி அண்ணி வீட்டுக்கு வந்தோம். அவர் நேராகப் பெட்டியிடம் போனார். மூடியில் நாங்கள் ஒட்டிய டேப் இல்லை, கயிறு கட்டியிருந்தது. பெட்டியைத் தூக்கினார். தூக்க முடியவில்லை. உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது.

அண்ணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கெட்டுப் பூடப் போவுதுன்னு ஐஸ் போட்டு வெச்சிக்கீறேன் ரஞ்சிதா. ஐஸ் கெடைக்காம ஊரே பேஜாரா கீது, நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினு வந்தேன். உப்பும் போட்டுக்கீறேன், சீக்கிரம் கரையாது. தம்பிக்குன்னு வெச்ச மீனாச்சே."

தினமும் தண்ணீரை வடித்துவிட்டுப் புது ஐஸ் கொட்டியிருக்கிறார். பிரித்துப் பார்க்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் எனக்குத் தெரியும். ஒருவர் கட்டி வைத்த மீனை எங்களில் இன்னொருவர் பிரித்துப் பார்க்க மாட்டார். கண் பட்டுவிடும் என்பார்கள். மீன் விற்கிறவர்களுக்கு அதில் இன்னும் கட்டுப்பாடு அதிகம். பெட்டியில் பட்டா வைக்கும் குப்பத்து வழக்கமெல்லாம் அவர் வாக்கப்பட்டுப் போன பிறகு வந்தது. டேப் ஒட்டிய ஐஸ்பெட்டி, உள்ளே கவருக்குள் கவர். அதைப் பார்த்தால் மீன் என்று நினைக்காமல் என்னவென்று நினைப்பார்?

என் வீட்டுக்காரர் பெட்டிக்குள் கையை விட்டு அந்த முடிச்சை எடுத்தார். கவரின் அடியில் இருந்த கிழிசல் வழியாகத் தண்ணீர் ஒழுகியது. பிரிக்காமலே வேட்டி மடிப்பில் வைத்து மூடிக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். அண்ணி சிரித்துக்கொண்டே, எனக்கு எதற்குடா கும்பிடு என்று அவர் தலையைத் தடவினார். என் ஆள் போனை எடுத்துத் தட்டி என்னிடம் மட்டும் காட்டினார்.

"அக்காகிட்ட சொல்லாத. தாங்காது."

எங்கள் வீட்டில் பரண் இல்லை. பரண் இருந்த சுவரே இல்லை. கடல் அந்தப் பக்கம் முழுவதையும் தின்றுவிட்டுப் போயிருந்தது. மண்ணைத் தோண்டிக் கம்ப்யூட்டரை எடுத்தபோது அதற்குள்ளிருந்து நண்டு ஓடியது. செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஆல்வின் என்ற பையனிடம் இரண்டையும் கொண்டுபோனோம். நல்ல பையன். காசு வேண்டாம் என்று சொல்லி, சென்னையில் பெரிய இடத்துக்கெல்லாம் அனுப்பிப் பார்த்தான். மாசக்கணக்கில் காத்திருந்தோம். கடைசியில் அவனே வீட்டுக்கு வந்தான். வீடு தேடி வருகிறான் என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சாதாரணத் தண்ணியா இருந்தா காப்பாத்தியிருக்கலாம்க்கா, உப்பு உள்ள போயி, பதிவு இருக்கிற தட்டையே அரிச்சிடுச்சு என்றான்.

நான் விடவில்லை. மணியிடம் போனேன். பென் டிரைவில் அடுத்த பாட்டை ஏற்றுவதற்காகப் பழையதை அழித்துவிடுவது வழக்கமாம், அவரிடம் ஒன்றும் இல்லை. ஆர்கெஸ்ட்ரா நடத்தும் பக்தவத்சலம் போனில் சில வீடியோ வைத்திருந்தார். அதில் விசில் சத்தம்தான் இருந்தது. அவர் பாடிய கல்யாண வீடுகளுக்கெல்லாம் வெட்கத்தை விட்டுப் போய் வீடியோ கேட்டேன். ஒரு வீட்டில் போட்டுக் காட்டினார்கள். மேடையில் என் புருஷன் நீலச் சட்டையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வாய் அசைகிறது, வருகிற குரல் சினிமாவில் பாடியவருடையது. எடிட்டிங் செய்தவன், நேரில் பாடியது இரைச்சலாக இருக்கிறது என்று அதை வெட்டிவிட்டு ஒரிஜினல் பாட்டைப் போட்டுவிட்டானாம். எல்லாக் கல்யாண வீடியோவிலும் அப்படித்தான் செய்வார்களாம். அவனைப் பெற்றவளையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன்.

வீடு மெல்ல எழும்பியது. மணி ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தார். அதில் இவர் சினிமாப் பாட்டுகளைச் சேர்க்க ஆரம்பித்தார். சேர்த்தார், அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு வரி எடுத்து என்னோடு பேசியதில்லை. குழம்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அந்த மனுஷனுக்கு இரண்டாவது தடவையாகத் தொண்டை போயிருக்கிறது. இந்தத் தடவை உயிர் பிழைப்பதற்காக என்று சொல்லிக்கொள்ளக்கூட வழி இல்லை.

ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்று அண்ணி வந்தார். சாப்பிட்டு முடித்துக் கம்ப்யூட்டருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் கல்யாணத்தில் தம்பி பாடிய பாட்டைப் போடச் சொன்னார். நான் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தேன். இன்றைக்கு உண்மை உடைந்துவிடும் என்று நினைத்தேன். உடையட்டும் என்றும் ஒரு மனசு சொன்னது. அந்த ஐஸை நான் மட்டும் எத்தனை நாளைக்குச் சுமப்பது?

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி அந்தப் பாட்டைத் தேடிப் போட்டார். சினிமாவில் உள்ள பாட்டு, சினிமாவில் பாடியவரின் குரல்.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"இன்னா கொரலுடா நைனா ஒனக்கு. எமன் புடுங்கினு போனாலும் இங்க பத்தரமா கீது பாரு."

சிநேகாவை இழுத்து மடியில் வைத்து, கேளுடி, உங்கப்பன் பாடுறான் என்றார். குழந்தை ஸ்பீக்கரைப் பார்த்தது. பிறகு அப்பாவைப் பார்த்தது. அவர் தலையை ஆட்டினார், ஆமாம் நான்தான் என்பதுபோல். குழந்தை கொஞ்சம் யோசித்துவிட்டு அத்தையின் மேல் சாய்ந்துகொண்டு கேட்க ஆரம்பித்தது.

நான் எழுந்து பின்பக்கம் போனேன். அது இல்லை அண்ணி, அது யாரோ என்று கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது. கூழ்ப் பானையைத் தேய்க்க உட்கார்ந்தேன். என் புருஷன் குரல் இப்படி இருக்காது, எப்படி இருக்கும் தெரியுமா என்று மனசுக்குள் அண்ணியோடு வாதாடினேன். எப்படி இருக்கும்? கடலிலிருந்து வந்ததும் வாசலில் நின்று ரஞ்சிதா என்று கூப்பிடுவாரே, அதை நினைத்துப் பார்த்தேன். வாசல் வந்தது. தோளில் வலை வந்தது. வாயும் அசைந்தது.

உள்ளே பாடிக்கொண்டிருந்தவரின் குரலில் என் பெயர் கேட்டது.