ஸ்டென்ட் வைக்காத நெஞ்சு

இவரிடம் எப்படிச் சொல்வது, ஒன்றும் வைக்காமல் விட்டதுதான் எனக்குச் செய்த வைத்தியம் என்று?

கட்டிலில் சாய்ந்தபடி மலர்விழி கணவனைப் பார்த்தாள். அவளுக்கு நெஞ்சுவலி என்றதும் போர்வெல் போடும் ரிக் வண்டியை ராய்ச்சூரிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்தவன் அன்பழகன். சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் அவளைத் திருச்செங்கோட்டு வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தான்.

"பாக்க வர்றவங்கெல்லாம் எத்தனை ஸ்டென்ட்னு கேக்கறாங்க புள்ள. ஒண்ணும் வெக்கலீன்னா, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரின்னு சிரிக்கறாங்க."

"சிரிச்சுட்டுப் போறாங்க."

வலி வந்த அன்று வாயு என்று அவளே ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்தவள். ஆஸ்பத்திரியில் எடுத்த முதல் ஆஞ்சியோ படத்தில் அது சாதாரண அடைப்புபோலத்தான் தெரிந்தது. டாக்டர் ஜெயப்பிரியாவுக்குத்தான் சந்தேகம். மணிக்கட்டு வழியாகப் போன குழாயிலேயே உள்ளிருந்தே படமெடுக்கும் நுண்ணிய கருவி ஒன்றை இதயத்தின் ரத்தக்குழாய்க்குள் அனுப்பினார். விழித்தபடி கிடந்த மலர்விழி திரையில் தன் உள்ளே இருப்பதைப் பார்த்தாள்.

"கொழுப்பு இல்லைங்க. உள்சுவர் கிழிஞ்சு, சுவருக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. வழி குறுகியிருக்கு, ஆனா ரத்தம் நல்லாப் போகுது. இப்ப ஸ்டென்ட் வெச்சு அழுத்துனா கிழிசல் நீண்டாலும் நீளும். மாத்திரையோட விட்டா பெரும்பாலும் தானா ஆறிடும்."

"சரிங்க" என்று மட்டும்தான் சொல்ல வந்தது. பிறகு வார்டில் படுத்து அழுதாள். பயத்தில் அல்ல. ஒருத்தி தனக்குள் இத்தனை கிட்டத்தில் வந்து பார்த்ததும், பார்த்துவிட்டுக் கை வைக்காமல் திரும்பியதும் மனசை நிறைத்துவிட்டன.

அன்பழகன் கட்டிலோரம் உட்கார்ந்தான். "போர்ல பக்கச்சுவர் சரிஞ்சிருந்தா நாங்களும் கேமரா உட்டுத்தான் பாக்கறோம். பாத்துட்டு சுவரத் தாங்க கேசிங் பைப் எறக்காம வருவமா?"

"போர்க்குழி தானா ஆறாதுங்க. ஒடம்பு ஆறும்."

அவன் கண்கள் சிவந்து கிடந்தன. ஊர் சிரிப்பதற்காக அல்ல, தன்னை இப்படியே விட்டுவிட்டு ராய்ச்சூருக்குப் போக இவருக்குப் பயம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்கும் அவள் நெஞ்சு இளகியது.

"கோயமுத்தூர் ஆஸ்பத்திரில பேசிட்டேன். காலைல கார் வருது. ஒண்ணே ஒண்ணு வெச்சுட்டு வந்தர்லாம். எனக்கோசரம் வா சாமி."

அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் வர்லீங்க" என்றாள் மெதுவாக. "கார் வேண்டாம்னு சொல்லிருங்க."