கேட்டால்தானே சொல்வார்கள்

குவெங்கா என்ற மலையூரில் நான் பஸ் ஓட்டும் கம்பெனிக்கு, பழுதுபார்க்க இரண்டு பட்டறைகள். மேட்டுப் பட்டறைக்கு எஃப்ராயின் மேஸ்திரி, ஆற்றோரப் பட்டறைக்கு லேயாந்த்ரோ மேஸ்திரி. ஒரு வாலிபால் ஆட்டத்தில், பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சண்டை வந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அதனால் பட்டறைகளுக்கும் பேச்சில்லை. ஒரு பட்டறை கண்டுபிடித்த வைத்தியத்தை இன்னொன்று முதலிலிருந்து தேடிக்கொண்டிருக்கும். மழையில் பஸ் கதவு திறக்காமல் பயணிகளிடம் திட்டு வாங்குவது ஓட்டுநர்களாகிய நாங்கள்.

இதைச் சரிசெய்யக் கம்பெனியில் மார்லேன் என்ற பெண்ணை நியமித்தார்கள். தெரிந்ததையெல்லாம் எழுதிவைக்கக் கம்ப்யூட்டரில் ஓர் இடம் அமைத்துக் கொடுத்தார். மாதங்கள் ஓடியும் அதில் விழுந்தது ஒன்றே ஒன்று: யாரோ அவருக்குப் போட்ட பிறந்தநாள் வாழ்த்து. விழுந்து விழுந்து சிரித்தவர், நேரே எஃப்ராயினிடம் போய் ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

"யாரும் கேக்கலையே மேடம். கேக்காதவங்களுக்கு என்னத்த எழுத?"

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பட்டறைக்காரர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, சுட்ட பன்றிக்கறியும் வேகவைத்த சோளமும் பரிமாறினார் மார்லேன். தெரிந்ததை யாரும் சொல்ல வேண்டாம், எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறோம் என்பதை மட்டும் சொன்னால் போதும் என்றார். எல்லோரும் சோளத்தைக் கடித்தார்கள். அவரே ஆரம்பித்தார்.

"என் கம்ப்யூட்டர்ல ஒருத்தரும் எழுத மாட்டேங்கறீங்க. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

சிரிப்பு எழுந்தது. அது அடங்குமுன், லேயாந்த்ரோ தலை நிமிராமலே, மழைநாளில் தன் பஸ்களில் கதவு சிக்கிக்கொள்வதையும், கதவையே மாற்றியும் பயனில்லை என்பதையும் சொன்னார்.

எஃப்ராயினால் வாயை அடக்க முடியவில்லை.

"யோவ், கதவுல ஒண்ணுமில்லய்யா. அது காத்துல திறக்கிற கதவு, அந்தக் காத்து டேங்குல தண்ணி சேந்திருக்கும். தெனம் காலையில டேங்கைத் திறந்து வடிச்சு விட்டுடு."

"இத்தன நாளா வாயில என்னய்யா வச்சிருந்தே?"

"நீ கேட்டியா?"

கறி ஆறட்டும் என்று எல்லோரும் எழுந்து, முற்றத்தில் நின்ற, ஆற்றோரப் பட்டறை பார்க்கும் என் பஸ்ஸுக்கு ஓடினோம். லேயாந்த்ரோ அடியில் புகுந்து டேங்கைத் திறந்ததும் அழுக்குத் தண்ணீர் சீறி அவருடைய வெள்ளைச் சட்டையை நனைத்தது. அவர் பஸ்ஸுக்கு அடியில் கிடந்தபடியே சிரித்தார். நான் பொத்தானை அழுத்தினேன். அன்று காலை மழையில் சிக்கிய கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது.

"மேட்டுல உன் வண்டி மூச்சு வாங்குதே, அதுக்கு என்கிட்ட ஒரு வழி இருக்கு," என்றார் லேயாந்த்ரோ.

எஃப்ராயின் பஸ்ஸுக்கு அடியில் குனிந்தார். "சொல்லுய்யா."

சொல்லிப் புரியாது, ஓட்டிப் பார்த்தால்தான் புரியும் என்று லேயாந்த்ரோ எல்லோரையும் என் பஸ்ஸில் ஏற்றினார். மேட்டுச் சாலையில் நான் ஓட்ட, என் இரண்டு காதிலும் இரண்டு மேஸ்திரிகள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே வந்தார்கள். மார்லேன் கடைசி சீட்டில், மடியில் தட்டோடு, கறி தின்றுகொண்டிருந்தார்.