விழும்போது பக்கத்தில் யார்?

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவருக்கு ‘மேலிடம்’ என்று பெயர். டவர் கிரேன் ஓட்டுகிறவர். எல்லாருக்கும் மேலே, கண்ணாடிக் கேபினுக்குள் ஒற்றையாளாக உட்கார்ந்திருப்பார். எல்லாருக்கும் முன்னால் ஏணி ஏறி, எல்லாரும் போன பிறகு இறங்குவார். சாப்பாடும் மேலேயேதான். “மேலிடத்து உத்தரவு வந்தாச்சா?” என்று கீழே கொத்தனார்கள் சிரிப்பது அவருக்கும் தெரியும்.

வீட்டிலும் அதே கதைதான். மனைவி இறந்துவிட்டாள், மகள் கல்யாணமாகி வெளிநாட்டில். நாள் முழுக்க அவர் காதில் விழுகிற ஒரே மனிதக் குரல், ‘விசில்’ என்று எல்லாரும் கூப்பிடுகிறவருடையது. கீழே நின்று, சுமையை எங்கே தூக்கணும், எங்கே இறக்கணும் என்று ஹெட்செட்டில் சொல்கிற சிக்னல்காரர் அவர். ஹெட்செட் வருவதற்கு முன்னால் நிஜமாகவே விசில் ஊதி வேலை பார்த்தவர். “ஏத்துங்க… இன்னும் கொஞ்சம்… நிறுத்துங்க.” வருஷக்கணக்கில் இதற்குமேல் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

அன்று காலையில் குளிர்காற்று. மேலிடம் காலர் பட்டனைப் போட்டு, அதன்மேல் மஃப்ளரையும் இறுக்கிச் சுற்றியிருந்தார். கம்பிக்கட்டு ஒன்று அந்தரத்தில் தொங்கியது. அது இடதுபக்கம் பின்னால் நகர, கழுத்தை நன்றாகத் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்குள் சாம்பல் நிறம் பரவியது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

கை நழுவியதும் கிரேனை இயக்கும் லீவர் தானாக நடுவுக்கு வந்தது. கம்பிக்கட்டு இருந்த இடத்திலேயே நின்றது.

“இறக்குங்க,” என்றார் விசில். பதில் இல்லை. “அண்ணே? அண்ணே, கேக்குதா?”

அடியில் நின்றவர்களை விரட்டி, சூப்பர்வைசருக்குச் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு, விசில் ஏணியில் ஏறினார். மொட்டைமாடியில்கூட ஓரத்துக்குப் போகாத மனுஷர். கேபினை எட்டியபோது மேலிடம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

“ஒண்ணுமில்லப்பா. கொஞ்சம் அசந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லாத.”

விசில் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருந்தார். “சொல்லிட்டுத்தாண்ணே ஏறினேன்.”

“கெடுத்தியே. இனிமே என்னை மேல விடுவானுங்களா?”

விசில் முதலில் ஏணியில் கால் வைத்தார். இறங்கும்போது ஒரு படி கீழேயே இருந்து, அவர் கால் ஒவ்வொன்றையும் பிடித்துப் படியில் வைத்தார். ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தார். வண்டியில் மேலிடம் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். “இதுக்கு முன்னாடி விழுந்திருக்கீங்களா?”

“வீட்டுல ரெண்டு தடவை. ஒரு தடவை ஷேவ் பண்ணும்போது.”

“எவ்வளவு நேரம் நினைவில்லாம இருந்தீங்க?”

“தெரியல.”

“பக்கத்துல யார் இருந்தா?”

“யாரும் இல்ல.”

“எழுந்ததும் யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

மேலிடம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். “யார்கிட்ட சொல்றது?”

டாக்டரம்மா விசிலிடம் திரும்பினார். “நீங்க இன்னைக்குப் பாத்தீங்களா?”

“பாக்கல. ஹெட்செட்டுல கேட்டேன். பேச்சுதான் நின்னுச்சு, மூச்சு நிக்கல. கரகரன்னு குறட்டை மாதிரி வந்துச்சு. கை கால் உதைக்கிற சத்தம் எதுவும் இல்ல. அப்புறம் இருமினார். ‘விசிலு, இருக்கியா?’ன்னார்.”

மேலிடத்துக்கு அது ஞாபகமே இல்லை. முதல்முறையாக விசிலை நேருக்கு நேர் பார்த்தார். ஒரு புருவத்தில் பழைய தையல் தழும்பு இருந்தது.

“வலிப்பு மாதிரி தெரியல,” என்றார் டாக்டரம்மா. மேலிடத்தைப் படுக்கவைத்து, மார்பில் ஒயர்களை ஒட்டி, தாடைக்குக் கீழே கழுத்தின் ஒரு பக்கத்தை விரலால் மெல்லத் தேய்த்தார். திரையில் துள்ளிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது. விசில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். விரலை எடுத்த கொஞ்ச நேரத்தில் கோடு மறுபடி துள்ள, மேலிடம் கண்ணைத் திறந்தார்.

“இதுதான்,” என்றார் டாக்டரம்மா. “இங்க ரத்தக்குழாய் ரெண்டா பிரியுது. அந்த இடத்துல இருக்கற நரம்பு முனைங்க ரத்த அழுத்தத்தைக் கவனிச்சு, மூளையோட அடிப்பகுதிக்குச் சொல்லிட்டே இருக்கும். அழுத்தம் ஏறினா, மூளை இதயத்தைக் கொஞ்சம் மெதுவா போகச் சொல்லும், ரத்தக்குழாயைத் தளர்த்தும். உங்க நரம்புக்குப் பதட்டம் ஜாஸ்தி. காலர் இறுக்கினாலே ஊரைக் கூட்டுது. மூளையும் அதை நம்பி இதயத்தை நிறுத்தி வைக்குது. உடனே அழுத்தம் விழுந்து, நீங்களும் விழுந்துடறீங்க. மூச்சை ஓட்டறதும் அந்த அடிப்பகுதிதான். அந்த வேலை நடந்துட்டே இருந்ததாலதான் இவருக்குக் கேட்டிருக்கு.”

மார்புத் தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இதயம் நின்றால் அது தட்டிவிடும். ஆனால் உயரத்து வேலை முடிந்துபோனது. மகள் போனில் அழுதாள். இப்போதைக்கு லீவு கிடைக்காது என்றாள். “எதுக்கும்மா, நான் நல்லாத்தானே இருக்கேன்,” என்றார் மேலிடம்.

தரையில், சாமான் அறையில் வேலை கொடுத்தார்கள். கிரேனில் புதிய ஆள். விசில் இப்போது வேறொரு காதுக்கு “ஏத்துங்க, நிறுத்துங்க” சொல்லிக்கொண்டிருந்தார். சாமான் அறைக்கு ஆட்கள் வருவார்கள், ஆணியையும் கையுறையையும் வாங்கிக்கொண்டு போவார்கள். மேலே இருந்தபோது தனிமை வேலையோடு சேர்ந்தது. அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே சுற்றிலும் இத்தனை பேச்சு இருந்தும் தன்னிடம் ஒரு வார்த்தை வராதபோதுதான் அது உறைத்தது.

சில நாள் யோசித்துவிட்டு, ஒரு சாயங்காலம் வாசல் கேட் பக்கத்தில் விசிலுக்காகக் காத்து நின்றார். ஒரு சாவியை நீட்டினார்.

“என் வீட்டுச் சாவி. வீட்டுல தனியா இருக்கறதால யார்கிட்டயாவது ஒண்ணு கொடுத்து வைக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. என்னைக்காவது நான் வேலைக்கு வரலேன்னா…”

“வந்து பாக்கறேண்ணே.” விசில் சாவியைத் தன் கொத்தில் கோத்தார். “வீடு எங்க?”

மேலிடம் தெருவைச் சொன்னார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, மருந்துக்கடைக்கு எதிர்ச் சந்து.

விசில் சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டார். “அந்தச் சந்து வழியாத்தாண்ணே நான் தினமும் வீட்டுக்குப் போறேன்,” என்றார்.