அண்ணனின் பிரெட்போர்டு

அண்ணன் கைபேசிக் கடையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் தாமதமாகக் கல்லூரிக்கு வந்தவன். அதனால் அவன் முதலாமாண்டு, நான் மூன்றாமாண்டு. அதோடு விட்டதா? அவனுடைய எலக்ட்ரானிக்ஸ் லேபுக்கு மாணவ உதவியாளராக என்னையே போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் "அக்கா, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிடுவார்கள். அவன் மட்டும் நான் பக்கத்தில் போனால் தலையைத் தூக்கமாட்டான். தங்கையிடம் சந்தேகம் கேட்பதா!

அன்று செய்முறைத் தேர்வு. போன தடவை கோட்டை விட்டிருந்தான். இன்றும் அவன் இணைக்கும் எல்இடி விளக்கு எரியாவிட்டால், அடுத்த வருடமும் இதே பாடம். உதவியாளர் கேள்வி கேட்கலாம், பதில் சொல்லக் கூடாது என்பது பேராசிரியரின் விதி.

ஒயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி செருகிக்கொண்டிருந்தான். பிரெட்போர்டு என்பது துளைகள் நிறைந்த பலகை. துளைகளுக்கு அடியில் உலோகப் பட்டைகள் ஓடும். ஒரே பட்டையில் செருகியவை தாமாகவே இணைந்துவிடும். ஓரத்தில் இருக்கும் நீளப் பட்டைதான் பேட்டரிக்கு. எங்கள் லேபின் பலகைகளில் அந்தப் பட்டை நடுவில் துண்டாகியிருக்கும். மேலே பார்த்தால் துளைகள் வரிசையாகத்தான் தெரியும். அண்ணன் பேட்டரியை ஒரு பாதியிலும் விளக்கை மறு பாதியிலும் வைத்திருந்தான். எனக்கு விரல் துறுதுறுத்தது.

"போ வாலு. வீட்லதான் உயிர எடுக்கறன்னா இங்கயுமா?"

"வீட்ல வாலு. இங்க மேடம்."

"சரிங்க மேடம். எல்இடி செத்துப்போச்சு, வேற குடுங்க மேடம்."

"இதுவரைக்கும் குடுத்தது எல்லாமே கூட்டமா செத்துப்போச்சா?"

பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். அவன் காது சிவந்தது. நான் குரலைத் தணித்தேன்.

"பேட்டரியிலேருந்து கெளம்புண்ணா. கரண்ட் எந்த வழியா போகுது, வெரலால காட்டு."

அவன் விரல் வரிசையோடு வழுக்கிக்கொண்டு விளக்கு வரை போய்ச் சேர்ந்தது. "இதோ, வந்துருச்சுல்ல?"

"வெரல் வந்துருச்சு. கரண்ட் வந்துச்சான்னு எத வச்சுப் பாப்ப?"

முறைத்தான். பிறகு மேசையிலிருந்த வோல்ட் மீட்டரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையில் வைத்து, இன்னொன்றால் துளை துளையாகத் தொட்டுக்கொண்டே போனான்.

"அஞ்சு... அஞ்சு... அஞ்சு... சைபர்." கை நின்றது. "அடப்பாவி! நடுவுல வெட்டிருக்கானா?"

அவனே சின்ன ஒயர் ஒன்றை எடுத்து இரண்டு பாதிக்கும் பாலம் போட்டான். விளக்கு எரிந்தது.

பேராசிரியர் வந்து அந்த ஒயர் எதற்கு என்று கேட்டார். அண்ணன் மீட்டரை வைத்தே செய்து காட்டினான். "தேறிட்டப்பா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றான் என்னிடம்.

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன்தான்." பலகையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். "ஆமா, எதுக்கு நடுவுல வெட்டி வக்கிறான்? முழுசா விட்டா என்னவாம்?"

இந்தப் பருவத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் சந்தேகம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஒரே பலகையில ரெண்டு வேற வேற வோல்டேஜ் வேணும்னு வையி..."