பார்க்காமல் வைத்த கையெழுத்து

தனுஷிகாவுக்காக நான் பதினான்கு தடவை பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை, அதுதான் என் குற்றம்.

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், வோபர்ன் என்ற பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாக நான் நேர்ஸ். வலி தாங்க முடியாதவர்களுக்கு மோர்பின் போன்ற ஊசி போடுவோம். குப்பியில் இருப்பது பெரும்பாலும் தேவைக்கு அதிகம். மிச்சத்தைக் கொட்டும்போது இன்னொரு நேர்ஸ் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகு தாளில் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும். தனுஷிகா தாளை மட்டும் நீட்டுவாள். நானும் வைத்துக் கொடுப்பேன். எங்கட பிள்ளை, என் மகளின் வயது, வரும்போது எனக்கென்று சூடாக இரண்டு மட்டன் ரோல்ஸ் வாங்கி வருபவள். அவளையா சந்தேகப்படுவது?

மிச்சம் கொட்டப்படவே இல்லை. ஆட்களைத் தூக்கித் தூக்கிப் பழுதான முதுகுக்கு அவள் முதலில் மாத்திரை எடுத்தாள், பிறகு மாத்திரை போதாமல் இது. பிடிபட்டபோது விசாரணையில் தாள்களை என் முன்னால் பரப்பினார்கள். எல்லாவற்றிலும் 'அன்ரனெற்' என்று முழுதாக வாசிக்கக்கூடிய என் அழகான கையெழுத்து. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். இந்த வயதில் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து மருந்து ஒழுங்குகள் பற்றி வகுப்பும் படித்தேன். அவளுக்கு வேலை போய், சிகிச்சை நிலையத்துக்குப் போனாள். நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு போன்கூட எடுக்கவில்லை. ஆத்திரத்தை இரண்டு வருடம் சோறு போட்டு வளர்த்தேன்.

இந்த மார்ச்சில் யூனியன் பேசி, அவள் திரும்பி வந்தாள். மனேஜர் என்னைக் கூப்பிட்டு நிபந்தனைகளை வாசித்தார். வலி மருந்து அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பை அவள் தொடக்கூடாது, அந்தத் தாள்களில் கையெழுத்து வைக்கக்கூடாது. தினமும் காலையில் ஓர் இலக்கத்துக்குப் போன் பண்ணிப் பார்க்க வேண்டும். அன்று அவள் முறை என்றால் வேலை முடிந்ததும் ஓடிப்போய்ப் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் என் தலையில் விழுந்தது. அவளோடு வேலை செய்யும் ஒரு நேர்ஸ் அவளைக் கவனித்து மாதாமாதம் றிப்போர்ட் எழுத வேண்டும். பகல் வேலையில் நிரந்தரமாக இருப்பது நான் ஒருத்திதான். இரண்டு வாரத்துக்குள் ஒருவரும் சம்மதிக்காவிட்டால் அவள் இங்கே தொடர முடியாது. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். எங்கள் ஆட்கள் அப்படிச் சொன்னால் மாட்டேன் என்று அர்த்தம். அது மனேஜருக்கு எங்கே தெரியும்.

அவளைப் 'பிள்ளை' என்று கூப்பிட்ட வாயால் இப்போது தள்ளிவைத்து 'நீர்' என்று கூப்பிட்டேன். திறப்பு என் சட்டைப் பைக்குள் இருந்தது. அவளுடைய நோயாளிக்கு வலி வந்தால் அவள் என்னைத் தேடி வந்து கேட்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் அப்படி வந்து கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் சண்முகலிங்கம் அங்கிளுக்கு வலி என்று வந்தாள். எலும்பில் புற்றுநோய் உள்ள மனிதர், தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டுத்தான் போனேன். அங்கே அவள் அவருடைய காலைத் தன் இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்தபடி குனிந்து நின்றாள். கட்டிலில் கால் பட்டால் அவருக்கு உயிர் போகும். பழுதான முதுகோடு எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கிள்தான் சொன்னார், "உந்தப் பிள்ளை பாவம்." அவரை அப்படிக் காக்க வைத்ததற்கு நான் இன்னும் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை.

இரண்டாவது கிழமை வியாழன். மறுநாள் மனேஜர் தந்த தவணை முடிகிறது. அன்று இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. ஓர் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார், அவருடைய மகன் போனில் நின்று கத்துகிறார். இன்னொரு நேர்ஸ் மரியோ கட்டடத்தின் மறுபக்கத்தில். அங்கிளுக்கு ஊசி போட்டேன், மிச்சத்தைத் தனியாகவே கொட்டினேன், தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். மேசையில் தனுஷிகா இருந்தாள். நிபந்தனை எனக்குத் தெரியும். அவசரத்தில் கை பழைய வழியில் போய்விட்டது.

"இதில ஒரு சைன் வையும்."

அவள் பேனையைக் கீழே வைத்தாள். "எனக்கு வைக்கேலாது அக்கா."

"ஒருத்தரும் பாக்கேல்லை. கெதியா வையும்."

"நானும் பாக்கேல்லை. நீங்கள் கொட்டினதை நான் காணேல்லைத்தானே."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. களவெடுத்தவள் எனக்கு நியாயம் படிப்பிக்கிறாளா என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். முகம் கறுத்தாலும் அவள் எழும்பிப் போகவில்லை.

"ஓம், நான்தான் எடுத்தனான்," என்றாள். "அதில உங்களில ஒரு பிழையும் இல்லை. ஆனா அக்கா, கடைசி மாசங்களில நான் உங்களிட்டத்தான் தாளைக் கொண்டு வந்தனான், ஏனெண்டு தெரியுமே? என்னால நிப்பாட்டேலாமல் போச்சு. உங்களுக்கு என்னில விருப்பம். ஒருநாளைக்கு எண்டாலும் என்ரை முகத்தைப் பாப்பியள், 'எங்கையடி மிச்சம்' எண்டு கேப்பியள் எண்டு நினைச்சன்."

அவளைப் பார்க்காமல், தாளில் இருந்த வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினான்கு தடவையும் அவள் என் எதிரில்தான் நின்றிருக்கிறாள். பதினான்கு தடவையும் நான் பேனையைத்தான் பார்த்திருக்கிறேன். நான் நம்பிக்கை என்று பெயர் வைத்திருந்தது வெறும் பஞ்சி, தலையை நிமிர்த்திப் பார்க்கச் சோம்பல்.

மரியோவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவன் தன் கையெழுத்தை வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. சாட்சி இல்லாமல் கொட்டியதாக என்மேல் நானே முறைப்பாடு எழுதி மனேஜரின் மேசையில் வைத்தேன். இரண்டாவது கடிதம் வரலாம், வரட்டும். கூடவே மற்றப் பதிலையும் சொன்னேன். அந்த றிப்போர்ட்டை நான் எழுதுகிறேன், இப்படிப் பிழை விட்டவள் எழுதலாம் என்றால். மனேஜர் மேலிடத்தைக் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் படிவத்தை நீட்டினார்.

அந்தப் படிவத்தோடு நான் தனுஷிகாவிடம் போனேன். "இஞ்சை பார் பிள்ளை," என்றேன். "இனி உன்ரை முகத்தைப் பாத்துப் பாத்துத்தான் எழுதுவன். கரைச்சலா இருந்தா இப்பவே சொல்லு." அவள் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். நானும் அழுதேன், ஆனால் அவள் காணாமல்.

மாத முடிவில் முதல் றிப்போர்ட். அவருடைய நேர்மைக்கு நீங்கள் நேரில் கண்ட ஓர் உதாரணம் எழுதவும் என்று ஒரு கேள்வி இருந்தது. யோசிக்கத் தேவையிருக்கவில்லை. கண்ணால் காணாத ஒன்றுக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்கச் சொல்லி ஒரு மூத்த நேர்ஸ் அவரை வற்புறுத்தினார், அவர் மறுத்துவிட்டார் என்று எழுதினேன். அந்த நேர்ஸின் பெயர் என்று கேட்டிருந்த இடத்தில் அன்ரனெற் என்று முழுதாக எழுதினேன். பிறகு முதல் வரியிலிருந்து ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்து வைத்தேன்.