கமகமா மணக்காமல் போன வாரம்

சென்ட் கடைக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கமகமா என்றால்தான் தெரியும். ஆள் முனை திரும்புவதற்குள் மணம் வாசலுக்கு வந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு வாரமாகக் கடையைப் பூட்டிவிட்டு, பச்சைத் தண்ணீர் மாதிரி மணமே இல்லாமல் நடமாடினால் தெரு சும்மா இருக்குமா?

"என்ன அண்ணே, அண்ணி பாட்டிலையெல்லாம் தூக்கி வீசிட்டாங்களா?" என்று எதிர்வீட்டுத் தையல்காரி வாயைக் கிளறினாள்.

"சளிம்மா" என்றார் கமகமா.

சளி பிடித்தால் மூக்கு அடைக்கும், மணமா அடைக்கும்? தையல்காரி நம்பவில்லை. நாமும் நம்ப வேண்டாம்.

விஷயம் இதுதான். கல்யாணமாகி எத்தனையோ வருடம் கழித்து, புருஷனும் பெண்டாட்டியும் யார் கண்ணிலும் படாமல் குழந்தைப்பேறு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவளிடமிருந்து எடுத்த முட்டைகள் இப்போது ஆய்வகத்தில், சின்னத் தட்டுகளில் கருவாக வளர்ந்துகொண்டிருந்தன. கருவை அவள் வயிற்றுக்குள் வைக்கும் அறையில் ஒரு திரை உண்டு. வைப்பதற்கு முன் அதில் பெரிதாகக் காட்டுவார்கள், கணவனும் பார்க்கலாம். ஒரே நிபந்தனை, சென்ட் வாசனை துளியும் கூடாது. அடுத்த அறைதான் ஆய்வகம். அந்த வாசனை கருவுக்கு ஆகாது.

"நமக்குன்னு ஒண்ணு வந்திருக்கு. தங்குதோ தங்கலையோ, ஒரு தடவை கண்ணால பாத்துடணும்" என்று மனைவியிடம் சொன்னார் கமகமா. அன்றிலிருந்து மணமில்லாத சோப்பால் தோல் உரியத் தேய்த்துக் குளித்தார்.

காலையில் ஆய்வகத்துப் பெண் போன் செய்வாள்.

"நாலாப் பிரிஞ்சிருக்கு சார்."

"அப்ப நாலு மடங்கு பெருசாயிடுச்சா?"

"இல்ல சார், அளவு அதேதான். சுத்தி முட்டை ஓடு மாதிரி ஒரு உறை இருக்கும், அந்த ஓட்டுக்குள்ளயே சின்னச் சின்னதாப் பிரியும்."

"ஓ, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. வீடு ஒண்ணு, அறைதான் கூடுது."

அவள் சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு காலையும் ஏதாவது ஒன்று வளராமல் நின்றுபோனது. கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது பழக்கொத்து மாதிரி திரண்டது. பிறகு நடுவே நீர் கோத்து, பந்து மாதிரி ஆனது.

"உள்ள ஓரமா ஒரு சின்னத் திரள் ஒட்டியிருக்கு சார். அதுதான் குழந்தையா வளரும்."

போனை வைத்துவிட்டு கமகமா உள்ளங்கையில் விரலால் ஒரு வட்டம் போட்டார். ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். வெறும் கையைப் பார்த்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாரமாகக் கொடியில் காய்ந்த சட்டையையே போட்டவருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும் காலையில் மனைவி, தானே துவைத்துத் தேய்த்து அலமாரியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் முகர்ந்தார். அவளும் முகர்ந்தாள்.

"ஒண்ணுமே இல்லைங்க."

அந்த அலமாரியின் கீழ்த்தட்டில்தான் காலங்காலமாக மாதிரி பாட்டில்கள் அடுக்கியிருந்தன. அந்த மணத்திலேயே குடித்தனம் நடத்திய இரண்டு மூக்குகளுக்கும் அது மணமாகவே தெரியவில்லை. தையல்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஊருக்கு மறைத்துக் காரியம் பார்த்தால் இப்படித்தான்.

அவளை ஆஸ்பத்திரி உடைக்கு மாற்றி உள்ளே அழைத்துப் போனார்கள். பின்னாலேயே போனவரை ஆய்வகத்துப் பெண் வாசலில் நிறுத்தி, மூக்கைச் சுருக்கினாள்.

"சார், ரோஜாவா?"

கமகமாவின் முகம் செத்துப்போனது.

"சட்டையக் கழட்டிட்டு எங்க கவுன் போட்டுப் பாக்கலாம் சார். ஆனா உடம்புலயும்..." அவள் தயங்கினாள்.

அவர் கதவிடுக்கு வழியாகத் திரையின் ஓர் ஓரத்தைப் பார்த்தார். இன்னும் வெளிச்சம் வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதானேம்மா இருக்கு? வேணாம்" என்று சொல்லிவிட்டு, நடைக்கோடி ஜன்னல் வரைக்கும் தாமாகவே பின்வாங்கிப் போய் நின்றார். கதவு மூடிக்கொண்டது.

திரும்பும்போது டாக்சியில், மனைவி பின்னால் ஏறினாள். அவர் டிரைவர் பக்கத்தில் உட்காரப் போனார்.

"எங்க போறீங்க? இங்க வாங்க."

ஏறி, மறுகதவோடு ஒட்டிக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"நிலா மாதிரி. ஓடு ஒரு பக்கம் லேசா விட்டு, கொஞ்சம் வெளிய பிதுங்கி நின்னுச்சு."

"வெளிய வரப் பாத்துச்சா?"

"எட்டிப் பாத்துச்சு. வாசல்ல நின்ன ஆளைத் தேடியிருக்கும்."

கமகமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"வேணாம்மா, வாசனை..."

"இப்ப எங்கிட்ட வந்தாச்சு. வளர்ந்தா இந்த வாசத்துலதான் வளரணும். பழகட்டும்."

அவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஓடு எந்தப் பக்கம் விட்டிருந்துச்சு? இன்னொரு தடவை சொல்லு."


டிரைவர் மட்டும் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.