இடம் வலம் மாறிய கடல்

தாராவியில் மழை விடாமல் பெய்த அந்த மதியம், உமாமகேஸ்வரி அப்பாவின் அச்சுப் பட்டறைக்குள் நுழைந்ததும் கொடியில் காய்ந்துகொண்டிருந்த முதல் துணியைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். குடையில் சொட்டிய தண்ணீர் காலை நனைத்ததுகூட உறைக்கவில்லை.

குளிர்ந்த கடல் வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் அல்லவா இருக்க வேண்டும்!

விஷயம் இதுதான், கண்ணுகளா. செம்பூரில் ஹாஃபிஸா என்று ஒரு அம்மாள், வீட்டில் உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டுகள் தயார் செய்து விற்கிறார். அவருடைய புது விளையாட்டில் எங்கேயும் இல்லாத ஒரு உலகம் வருகிறது. அதன் கடலில் கப்பல் ஓட்ட வேண்டும். தரையில் விரிக்கிற துணிதான் வரைபடம். கடல்நீர் எங்கே சூடு, எங்கே குளிர், கரையில் எங்கே பனை, எங்கே பனி என்று எட்டு நிறங்கள். சூடான நீர் மழையும் புயலும் கொண்டுவரும்; குளிர்ந்த நீர் மூடுபனியும் மீனும் கொடுக்கும். அதைப் பார்த்துத்தான் கப்பலை நகர்த்த வேண்டும். முன்னால் வரைந்து வந்த இரண்டு பேரை, "பனைமரத்துக்குப் பக்கத்துல பனிக்கட்டியா?" என்று கேட்டே ஹாஃபிஸா திருப்பி அனுப்பியிருந்தார்.

உமா நாலு மாதம் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் பார்த்து வரைந்தது அவருக்குப் பிடித்துப்போயிற்று. நூறு துணியும் சரியாக வந்தால் அடுத்த மூன்று உலகங்களும் உமாவுக்குத்தான், நிலையான வேலை. "அச்சு எங்கப்பா பட்டறையில, மேடம். நான் பொறுப்பு" என்று சொன்னதும் அவளேதான். நாளைக் காலையில் அந்த விளையாட்டின் முதல் போட்டி. இன்று நாலு மணிக்கு ஹாஃபிஸா நேரில் வருகிறார்.

மணி இப்போது பன்னிரண்டே முக்கால்.

"எப்பா, பிலிமை எந்தப் பக்கம் வச்சீங்க?"

இசக்கிராஜ் மை படிந்த கையோடு நிமிர்ந்தார். "எந்தப் பக்கம்னா? எப்பவும் வைக்கிற..." என்று ஆரம்பித்தவர் சுவரில் சாத்தியிருந்த அச்சுச் சட்டங்களைத் திரும்பிப் பார்த்தார்.

நாலு மாதமாகப் பட்டறையில் ஓடியது ஜெர்சியில் ஒட்டுகிற ஸ்டிக்கர். தாளில் அச்சடித்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்தும்போது படம் இடம் வலமாகத் திரும்பிவிடும். அதனால் அச்சுச் சட்டத்தில் படத்தை ஏற்றும்போதே, படம் இருக்கிற பிலிமைப் புரட்டிப் போடுவார்கள். அந்தக் கைப்பழக்கம், நிறத்துக்கு ஒன்றாகச் செய்த இந்த எட்டுச் சட்டத்துக்கும் வந்துவிட்டது. இந்தியப் படமாக இருந்திருந்தால் வேலைக்கு இருக்கும் ஷாகிரே கத்தியிருப்பான். இல்லாத உலகத்துக்கு இடது எது, வலது எது என்று அவன் என்னத்தைக் கண்டான்?

"அண்ணாச்சி, துணியத் திருப்பிப் போட்டா?" என்றான் ஷாகிர்.

"கித்தான்லே அது. அந்தப் பக்கம் மை தெரியுமாலே?" இசக்கிராஜ் துணியின் ஓரத்தைப் புரட்டிக் காட்டினார். மகளைப் பார்த்தார். "இல்லாத ஊர்க் கடல்தானட்டி. எந்தப் பக்கம் சுட்டா யாருக்கு என்ன?"

"அந்தம்மாவுக்குத் தெரியும்ப்பா. ஒரு விரல் வச்சாப் போதும்."

உமா தரையிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். நூறு துணியிலும் நிறம் ஏறிவிட்டது. வேறு கித்தான் வாங்கி அச்சடித்துக் காயவைக்க இரண்டு நாளாகும். மிச்சம் இருப்பது ஊர்ப்பெயர்களுக்கான கறுப்பு மட்டும்.

உலகம் எந்தப் பக்கம் சுழலுகிறதோ அதை ஒட்டித்தான் காற்று வளையும். காற்று கடலை இழுத்துக்கொண்டு போகும். சூரியன் வலப்பக்கம் உதிக்கிற உலகத்தில் நிலத்தின் வலது கரை சூடு, இடது கரை குளிர். சரி, உலகத்தையே எதிர்ப்பக்கம் சுழலவிட்டு, சூரியனை இடப்பக்கம் உதிக்கவிட்டால்?

ஒவ்வொரு நீரோட்டமாக விரலை ஓட்டிப் பார்த்தாள். மழை மாறியது, பனி மாறியது, பாலைவனமும் மாறியது. எல்லாம் சேர்ந்தே மாறியதால் எதுவும் உதைக்கவில்லை.

ஹாஃபிஸாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டாள். ரயிலில் இருப்பார் போலிருக்கிறது. மணி ஒன்றரை. கறுப்பு ஏறிவிட்டால் பிறகு திரும்ப வழியில்லை.

"எப்பா, பேரையெல்லாம் புது எடத்துல வச்சு பிலிம் எடுத்துட்டு வாரேன். இந்தத் தடவை நேரா வைங்க."

"நீயே வையி," என்றார் இசக்கிராஜ். கறுப்புக்கான சட்டத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஹாஃபிஸா வரும்போது நாலு அடித்து ஐந்து நிமிஷம்; நூறு துணியிலும் கறுப்பு ஏறியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் விரித்திருந்த துணிக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நான் ஓகே பண்ண படம் இல்லையே."

"தப்பு என்னுது மேடம், பிலிமை நான்தான்..." என்று இசக்கிராஜ் முன்னால் வந்தார்.

"பிலிமை அப்பா திருப்பி வச்சுட்டாங்க. சூரியனைத் திருப்பினது நான்," என்றாள் உமா. "போன் பண்ணேன், நீங்க எடுக்கல. ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க, மேடம். கப்பல் ஒரு எடத்துல தப்பாப் போனாலும் நூறையும் நானே கிழிச்சுடுறேன்."

ஹாஃபிஸா பையிலிருந்து மரக்கப்பலையும் தாயக்கட்டையையும் எடுத்தார். உருட்டினார். கப்பல் வலது கரைக்குப் போயிற்று.

"இங்க?"

"குளிர்ந்த தண்ணி. மூடுபனி. ஒரு ஆட்டம் நிக்கணும்."

மறுபடி உருட்டினார். நேரே இடது கரையின் வடகோடிக்குக் கொண்டுபோய், பனந்தோப்பின் பச்சை மேல் விரலை வைத்தார்.

"இவ்வளவு மேல பனை எப்படி வந்துச்சு?"

"சூடான தண்ணி கீழேயிருந்து இந்தக் கரையோரமாத்தான் மேல ஏறுது, மேடம். சூரியன் இந்தப் பக்கம் உதிக்கிறதால."

ஹாஃபிஸா விரலால் அந்த ஓட்டத்தைக் கீழேயிருந்து மேல்வரை தடவினார். பிறகு பையிலிருந்து ஆட்ட விதிகள் எழுதிய அட்டையை எடுத்து முதல் வரியைச் சத்தமாகப் படித்தார். "சூரியன் உதிக்கும் கரையில் உட்கார்ந்தவர் முதலில் ஆடுவார்."

அட்டையைக் கீழே வைத்தார். எழுந்தார். துணியைச் சுற்றி நடந்து, இடப்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"அப்போ என் எடம் இதுதானே?" என்று கேட்டுவிட்டு, தாயக்கட்டையை உமாவின் பக்கம் தள்ளாமல் தானே உருட்டினார். "அண்ணாச்சி, அடுத்த உலகத்துக்கு இவ என்னைக் கேக்காம சூரியன்மேல கை வைக்காமப் பாத்துக்குங்க."